விளக்குக்காரிக்காக ஒரு கடைவாய்ப்பல்

"விளக்குக்காரியை மட்டும் கொன்னாங்கன்னா, எங்க வீட்டு டி.வி.யைத் தூக்கித் தெருவுல போட்டுடுவேன் சிஸ்டர்," என்றார் பல் டாக்டரம்மா, கையில் சுழலும் கருவியோடு.

நாற்காலியில் மல்லாந்து கிடந்த எழுத்தாளருக்குத் தூக்கிவாரிப்போட்டது.

ஏனென்றால், விளக்குக்காரியைக் கொல்லப்போவதே அவர்தான். வாராவாரம் ஊரே பார்க்கும் 'நிலவறை நகரம்' தொடரை எழுதுகிறவர் அவர். பூமிக்கு மேலே வாழ முடியாமல் போய்விட்ட ஒரு காலம். மனிதர்கள் பாதாளத்தில் குடியிருக்கிறார்கள். அங்கே வெளிச்சத்துக்கும் ரேஷன். அதை அளந்து கொடுக்கும் மேற்பார்வையாளரின் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு, இருண்ட வீடுகளுக்கு வெளிச்சம் கொண்டுபோய்க் கொடுக்கிறவள் விளக்குக்காரி. இந்த சீசனின் கடைசி வாரத்தில் அவள் சாகிறாள். அந்தப் பகுதியை இன்று மாலைக்குள் இயக்குநரிடம் கொடுத்தாக வேண்டும்.

அவள் சாகக் கூடாது என்று மனைவி ஒரு மாதமாகத் தொண்டைத்தண்ணி வற்றப் பேசிப் பார்த்துவிட்டாள். "சாவு இல்லாத கதை நிக்காதும்மா, உனக்கு அதெல்லாம் புரியாது" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். நாலு பேர் சொல்வதைக் கேட்டு எழுதினால் அது எழுத்தா என்பது அவருடைய கட்சி. ஆனாலும் மனைவி நல்லவள். நேற்றுப் பல்வலி என்றதும் சண்டையை மறந்து, கைராசியான டாக்டர் என்று விசாரித்து இங்கே அழைத்து வந்துவிட்டாள். இப்போது வெளியே பெஞ்சில் உட்கார்ந்து பத்திரிகை புரட்டிக்கொண்டிருக்கிறாள்.

"வாயை நல்லாத் திறங்க சார். பேசக் கூடாது, நாக்குல பட்டுடும்."

ஒரு பக்கம் பஞ்சு, மறுபக்கம் எச்சில் உறிஞ்சும் குழாய். ஊசி போட்டதில் உதடு மரத்துப்போய் யாருடையதோ போல இருந்தது. முகம் தெரிந்த நடிகராக இருந்தால் இவர்கள் அடக்கி வாசிப்பார்கள். எழுதுகிறவன் முகத்தை யார் பார்த்தார்கள்?

"அவ சாகத்தான் வேணும் டாக்டர்," என்றாள் குழாயைப் பிடித்திருந்த சிஸ்டர். "சாவு இல்லாத கதை நிக்காது."

எழுத்தாளருக்கு உச்சி குளிர்ந்துபோனது. இவளல்லவா ரசிகை. என் மனசில் இருப்பதை அச்சுப்பிசகாமல் சொல்கிறாளே. எழுந்து கை குலுக்க வேண்டும் போலிருந்தது.

"என்ன பெரிய நிக்கிறது?" டாக்டரம்மா பல்லைக் குடைந்துகொண்டே கேட்டார். "அவ செத்தா ஜெயிக்கிறது யாரு? அந்த மேற்பார்வையாளர். பாட்டு வாத்தியார் வீட்டு விளக்கை ஊதி அணைச்சாரே, அந்த மனுஷனைப் பார்த்தாலே பத்திக்கிட்டு வருது எனக்கு."

"அவரும் பாவம்தான். அவரை மிரட்டறதுக்கும் மேல ஒருத்தர் இருக்கார்ல?"

அடடா, அதையும் பிடித்துவிட்டாள். எழுத்தாளர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

"கையை ஆட்டாதீங்க சார். நான் சொல்றது இதுதான் சிஸ்டர். ஒருத்தியைச் சாகடிச்சு நம்மளை அழ வைக்கிறது யாருக்கும் வரும். உயிரோட வெச்சு அழ வைக்கட்டும், அப்பத் தெரியும் எழுதறவரோட சாமர்த்தியம்."

"ஆ... ஆஅ..." என்றார் எழுத்தாளர்.

"பாருங்க, சாரும் ஆமாங்கிறார்."

அவர் ஆமாம் சொல்லவில்லை. சாமர்த்தியம் என்ற சொல்தான் சுருக்கென்று தைத்தது. பதில் சொல்ல ஆயிரம் இருந்தும் வாய் அவர் வசம் இல்லை.

சிஸ்டர் மறுபடி ஆரம்பித்தாள். "இருந்தாலும் டாக்டர், அவ செத்தாத்தான்..." என்றவள் பாதியில் நிறுத்திவிட்டாள். குழாய் அவள் கையில் தளர்ந்தது.

"கரண்ட் போனா என் பொண்ணு முன்னெல்லாம் வீறிட்டு அழுவா. இப்ப அழறதில்ல. கதவைத் திறந்து வெச்சுக்கிட்டு உட்கார்ந்துடறா. விளக்குக்காரி வருவாளாம். அவ செத்துட்டான்னு நான் எந்த வாயால அவகிட்ட சொல்லுவேன்?"

மூக்கை உறிஞ்சினாள். டாக்டரம்மா கருவியை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தார்.

எழுத்தாளரின் கண்ணோரம் நனைந்து காதுப் பக்கம் வழிந்தது. வலி என்று நினைத்து சிஸ்டர் துடைத்துவிட்டாள். வலி எங்கே இருந்தது? தான் உட்கார்ந்து எழுதிய ஒருத்திக்காக ஏதோ ஒரு வீட்டில் ஒரு குழந்தை கதவைத் திறந்து வைத்திருக்கிறது. அவருக்கு அத்தனை சந்தோஷமாக இருந்தது.

"முடிஞ்சுது சார். கொப்பளிச்சுத் துப்புங்க."

துப்பியதுதான் தாமதம், நன்றிகூடச் சொல்லாமல் போனும் கையுமாக வராந்தாவுக்கு ஓடினார். மரத்த வாயால் அவர் இயக்குநரிடம் குழறுவது உள்ளே வரைக்கும் கேட்டது.

"அவ சாக மாட்டா... மாத்தி எழுதித் தரேன்... குடிக்கலய்யா, பல்லு... பல்லு."

கைப்பையோடு உள்ளே வந்த மனைவியின் முகமெல்லாம் பல்லாக இருந்தது.

"நான் டி.வி. பார்த்தே வருஷக்கணக்காச்சுக்கா," என்றார் டாக்டரம்மா, கையுறையைக் கழற்றிக்கொண்டே. "காலையில பார்க்ல நடக்கும்போது நீங்க சொல்லிக்கொடுத்ததை அப்படியே ஒப்பிச்சேன். கொல்லணும்னு பேச வேண்டிய இவதான் நடுவுல கட்சி மாறிட்டா."

"என் பொண்ணு விஷயம் நிஜம்க்கா. என்னை அறியாம வந்துடுச்சு," என்றாள் சிஸ்டர்.

"அதுதான் அவரை ஓட வெச்சுது," என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாள் மனைவி. பிறகு வராந்தா பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"முதல்ல பார்த்தப்பவே இன்னொரு பல்லும் சொத்தைன்னு சொன்னீங்களே டாக்டர், அதை இப்போதைக்குத் தொடாதீங்க. அடுத்த சீசன் எழுத ஆரம்பிக்கட்டும், கூட்டிட்டு வரேன்."