நத்தர்ஷா வாங்காத செக்

"செக் வேண்டாம் முசே. இந்தக் கடையில அது நடக்காது."

நத்தர்ஷா அந்தக் காகிதத்தைத் தொடக்கூட இல்லை. மொரீஸ் நீட்டிய கை அப்படியே நின்றது.

வியட்நாமில், சைகோன் நகரத்து பென்தான் சந்தைக்குப் பக்கத்தில் நத்தர்ஷாவின் ஜவுளிக்கடை. பிரெஞ்சுப் பழக்கத்தில் ஆண்களை முசே என்றும் பெண்களை மதாம் என்றும்தான் அழைப்பார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து மூன்றாம் வருஷம். பிரெஞ்சுப் பட்டாளத்தில் ஓய்வு பெற்ற காரைக்கால்காரர் மொரீஸ், மகள் கல்யாணத்துக்காக மனைவி ரோசாலியோடு வந்து வெள்ளைப் பட்டு எடுத்திருந்தார்.

ரோசாலிக்குச் சுருக்கென்றது.

"பத்து வருஷமா இங்கதான் துணி எடுக்கிறோம். எங்க மேல நம்பிக்கை இல்லையா பாய்?"

"உங்க மேல இருக்கு மதாம். காகிதத்து மேலதான் இல்லே. போன மாசம் ஒரு துரை செக் கொடுத்தாரு. கையெழுத்து சரியில்லேன்னு பேங்க்ல திருப்பிட்டாங்க. ஆளைத் தேடிப் போனா, பிரான்சுக்குக் கப்பல் ஏறிட்டாராம்."

"இவரு எங்கே ஏறுவாரு? கப்பலைப் பார்த்தாலே இவருக்கு வாந்தி வரும்."

துணி பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் சிரித்துவிட்டார்கள். மொரீஸுக்குத் தலை நிமிரவில்லை.

"வா ரோசாலி, போகலாம்."

"துணியை விட்டுட்டு எங்கே போறீங்க? எடுத்துட்டுப் போங்க. பணம் மெதுவா வரட்டும்" என்றார் நத்தர்ஷா.

ரோசாலி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"செக்கை நம்பமாட்டீங்க, கடன் மட்டும் கொடுப்பீங்களா? என்ன வியாபாரம் பாய் இது?"

"எனக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான் மதாம்."

பொட்டலத்தை அணைத்துக்கொண்டு, ஜெயித்த தோரணையில் வாசலுக்குப் போய் சிக்லோ ரிக்‌ஷாக்காரனிடம் கூலி பேச ஆரம்பித்தாள் ரோசாலி.

மொரீஸ் பின்தங்கினார்.

"பாய், உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"இத்தனை வருஷத்தில இன்னிக்குத்தான் நீங்க விலை பேசலை."

மொரீஸ் வாசலை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். "மூணு மாசமா பென்ஷன் வரலை. பேங்க்ல ஒண்ணுமில்லே. செக் பேங்குக்குப் போறதுக்குள்ள பென்ஷன் வந்துடும்னு ஒரு தைரியத்தில எழுதிட்டேன். அவளுக்குத் தெரியாது."

"தெரிய வேண்டாம்."

"கடனா கொடுக்கிறதுக்குப் பதிலா, அந்தச் செக்கையே வாங்கி வச்சிருக்கலாமே? அத்தனை பேருக்கு முன்னால வேண்டாம்னுட்டீங்க."

நத்தர்ஷா குரலைத் தாழ்த்தினார்.

"வாங்கினா எங்க கணக்குப்பிள்ளை சாயங்காலமே பேங்க்ல போட்டுடுவாரு. செக் திரும்பி வந்தா உங்க வீட்டுக்குப் போலீஸ் வரும் முசே. கடன் திரும்பி வரலேன்னா, நான் மட்டும்தானே வருவேன்?"