பின் டயரின் பிடிவாதம்

ரேஸ் டிராக்கின் ஓரத்தில் அமலனுடைய பைக் நின்றிருந்தது. அமலன் பந்தயக்காரன் இல்லை, லீவு நாளில் ஆசைக்கு ஓட்ட வருகிறவன். காற்று அளக்கும் மீட்டர் முன் டயரில் கொஞ்சம் காற்றை இறக்கிவிட்டுப் பின் டயரிடம் வந்தது.

"என்னைத் தொடாதே," என்றது பின் டயர். "அவர் வீட்டுல கைக்குழந்தை இருக்கு. நான் திண்ணுன்னு இருந்தாத்தான் அவர் பத்திரமாப் போய்ச் சேருவார்."

"வீட்டுக்குப் போற ரோட்டுக்கு அது சரி, தாயே. இங்கே ஓட ஓடச் சூடேறி நீயே உப்பிடுவே. உப்பினா தரை பிடிபடாது."

"ஊசியை ஆட்டிக்கிட்டு எனக்குப் புத்தி சொல்ல வந்துட்டியாக்கும்!"

பின் டயர் வால்வை இறுக்கிக்கொண்டது. மீட்டரும் விட்டுவிட்டது. அமலன் அப்படியே கிளம்பினான்.

நாலைந்து சுற்றுக்குப் பிறகு ஒரு வளைவில் பைக் சாய்ந்தபோது, சூட்டில் உப்பியிருந்த பின் டயர் வழுக்கியது. தரையைப் பிடிக்கப் பார்த்தது, பிடி கிடைக்கவில்லை. "ஐயோ, பிள்ளை இருக்கே!" என்று அலறியது.

"நான் பிடிச்சிருக்கேன், பதறாதே," என்றது தரையோடு ஒட்டிக்கிடந்த முன் டயர். பைக் தள்ளாடி, நிமிர்ந்தது.

அமலன் மெதுவாகத் திரும்பி வந்து, ஹெல்மெட்டைக் கழற்றி, வீட்டுக்கு ஃபோன் போட்டான். "பாப்பா பால் குடிச்சாளா?" என்று மட்டும் கேட்டான்.

"நீ நல்லா இருக்கணும்," என்றது பின் டயர், முன் டயரிடம். மீட்டர் தயங்கித் தயங்கிக் கிட்டே வந்தது. பின் டயர் வால்வு மூடியைத் தானே திறந்தது.

"வேணுங்கிறதை எடுத்துக்கோ அண்ணே. வீட்டுக்குக் கிளம்பறப்ப மட்டும் மறக்காம நிரப்பிவிடு."