தனித்தனி மைக்

"யார் ஸ்ருதி தப்பிப் பாடுறாங்கன்னு இன்னைக்குத் தெரிஞ்சுடும். தெரிஞ்சதும் அவங்க குழுவை விட்டுக் கிளம்பிடணும்!"

பொதுவாகத்தான் சொன்னார் சபைச் செயலாளர். பார்வை மட்டும் பாடகர் குழுவில் நின்ற தையல்காரம்மா மேலேயே இருந்தது.

தேவாலயத்துக்குப் புது மைக்செட் வந்திருந்தது. பழைய செட்டில் போதகர் பேசினால் பாதி வார்த்தை சுவரில் மோதித் திரும்பி வரும். பாடகர் குழுவில் பத்துப் பேருக்கும் ஒரே மைக். இப்போது பேச்சுக்குத் தனி, பாட்டுக்குத் தனி, பாடுகிறவர்களுக்கு ஆளுக்கொரு மைக். கடைசி பெஞ்சுவரை கணீரென்று கேட்டது.

ஆளுக்கொரு மைக் வேண்டும் என்று அடம்பிடித்தவர் செயலாளர்தான். இசைமேல் அவ்வளவு அக்கறையாம். சபையில் எதிலும் முன்னால் நின்றாக வேண்டும் அவருக்கு. அப்படித்தான் யாரும் கூப்பிடாமலே பாடகர் குழுவிலும் வந்து நின்றுகொண்டார்.

"சார், வாரம் பூரா மெஷினோட மாரடிக்கிறேன். இந்த ஒரு மணி நேரம்தான் எனக்குன்னு இருக்கு" என்றாள் தையல்காரம்மா.

"மாரடிக்கிறதை மெஷினோட நிறுத்திக்கணும்மா. பாட்டுலயும் வந்து மாரடிச்சா எப்படி?"

அவரிடம் பேசி யார் வாங்கிக் கட்டிக்கொள்வது?

மைக்செட்காரருக்கு அங்கே யாரையும் தெரியாது. "ஒரு பாட்டு பாடுங்க. ஒவ்வொரு மைக்கும் தனித்தனியா பதிவாகும்" என்றார்.

பாடினார்கள். செயலாளர் கண்ணை மூடிக்கொண்டு உருகினார். முடிந்ததும் மைக்செட்காரரிடம் ஓடினார்.

"அந்தம்மாவோட மைக்கைப் போடுங்க. எல்லாருக்கும் கேட்கட்டும்."

ஐந்தாவது மைக். மற்றவர்கள் பாடுவது தூரத்தில் லேசாகக் கேட்டது. கிட்டத்தில் வெறும் மூச்சுச் சத்தம்.

"என்னய்யா, மைக் கோளாறா?"

"மைக் நல்லாத்தான் இருக்கு சார். அவங்க பாடவே இல்லை."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"என் குரல்தான் பாட்டைக் கெடுக்குதுன்னு மூணு மாசம் முன்னாடி சொன்னீங்களே சார். அன்னையிலேர்ந்து வாயை மட்டும்தான் அசைக்கிறேன். நிக்கிற இடமாவது போகாம இருக்கட்டுமேன்னு."

பக்கத்தில் நின்ற பெண் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். செயலாளர் மைக்செட்காரரைப் பிடித்துக்கொண்டார்.

"அப்ப மூணு மாசமா பாட்டைக் கெடுக்கிறது யாரு? அடுத்ததைப் போடுங்க!"

ஆறாவது மைக். தகர டப்பாவைத் தரையில் இழுத்ததுபோல ஒரு குரல், பாட்டு ஒரு பக்கம் போக, அது ஒரு பக்கம் போய்க்கொண்டிருந்தது. போதகர் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார்.

செயலாளர் துள்ளிக் குதித்தார்.

"ஐயையோ, இதெல்லாம் ஒரு குரலா! யாரா இருந்தாலும் சரி, தயவு தாட்சண்யமே கிடையாது. இந்த நிமிஷமே வெளியே போகணும். யாரு அது?"

குழுவில் ஒருவரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. மைக்செட்காரர் குனிந்து, மைக் வரிசையில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தார்.

"ஆறாவது மைக்... செயலாளர்னு எழுதியிருக்கு சார்."

"நானா? என் குரல் இப்படியா இருக்கும்?"

தையல்காரம்மா பதறிப்போய்ப் போதகரிடம் வந்தாள்.

"ஐயா, அவரை வெளியே அனுப்பிடாதீங்க. பாட்டை விட்டுட்டு இருக்கிறது ரொம்பக் கஷ்டம். என்னை மாதிரி அவரும் வாயை மட்டும் அசைச்சுக்கிட்டு நிக்கட்டுமே!"