இரண்டு ராத்திரிப் பிரிவு

கோபன்ஹேகனில் தன் வீட்டு வாசலில் பெட்டியை வைத்துவிட்டு மெட்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஆபீஸ் வேலையா ரெண்டு ராத்திரி என் புள்ளை அன்டனை விட்டுட்டு இருக்கணும். நெஞ்சே வெடிக்குது. உனக்கெங்க புரியப்போகுது, ரோவேனா!"

பிள்ளை பார்க்கவும் வீட்டு வேலைக்கும் பிலிப்பைன்ஸிலிருந்து ஓ-பேராக வந்த ரோவேனா, அன்டன் வாந்தியெடுத்த போர்வையை அலசிக்கொண்டிருந்தாள்.

"புரியுது மேடம்."

"பெத்தவளுக்குத்தான் புரியும். புள்ளை இருக்கிறவளுக்கு இந்த வேலைக்கு வீசா கிடையாதுன்னு சும்மாவா வச்சிருக்கான்? அவ வேலை பார்க்காம அழுதுக்கிட்டுக் கிடப்பா. அப்புறம், மேடம்னு கூப்பிடாதே. நீயும் நம்ம குடும்பம்தான். பாத்ரூமைத் தேச்சு விட்டுடு."

ரோவேனாவின் போன் அடித்தது. திரையில் ஒரு சிறுமி.

"அக்கா!"

"யாரது?" என்றாள் மெட்டே.

"தங்கச்சி."

மெட்டே எட்டிப் பார்த்தாள். "இவ்ளோ சின்னதா? உங்க ஊர்ல பெத்துத் தள்றதை நிறுத்தவே மாட்டாங்களா? அசிங்கம்!"

ரோவேனா சிரித்துவைத்தாள். மெட்டேயின் கார் கிளம்பிப் போனது.

சிறுமி குரலைத் தாழ்த்தினாள். "அந்தம்மா போயிட்டாங்களா?"

"போயிட்டாங்கடி."

"இப்ப அம்மான்னு கூப்பிடலாமா?"