நாற்பத்தைந்து மீட்டர்

உயிரியலில் தொண்ணூற்றெட்டு வாங்கிய செண்பகவல்லி, இயற்பியல் தேர்வு எழுதுவது இது மூன்றாவது தடவை. இன்றும் கோட்டைவிட்டால் நர்சிங் சீட் போச்சு. இருபது மீட்டர் கோபுரத்திலிருந்து கல் விழும் கணக்கைச் செய்யுள்போல விடை வரைக்கும் உருப்போட்டு, அதை நம்பித்தான் வந்திருந்தாள். வினாத்தாளைப் பிரித்தாள். கணக்கு வந்திருந்தது. கோபுரம் மட்டும் நாற்பத்தைந்து மீட்டர்!

“ஏம்மா, இப்படி வேர்க்குது?” என்றார் மேற்பார்வையாளர்.

“கோபுரத்தை மாத்திட்டாங்க சார்.”

“உசரம் எதுவானா என்ன? போடுற வழி ஒண்ணுதானே?”

“வழி தெரியாது சார். எனக்கு அந்தக் கோபுரம்தான் தெரியும்.”

அவர் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு நகர்ந்தார். செண்பகவல்லி வினாத்தாளில் இருந்த நாற்பத்தைந்தை அடித்தாள். அதன் மேல் இருபது என்று அழகாக எழுதினாள். பிறகு மளமளவென்று விடை எழுத ஆரம்பித்தாள்.