இறங்காதீங்க அத்தை!

“இறங்காதீங்க அத்தை! இன்னும் பத்து நிமிஷம் இருக்கு.”

மருமகள் ஸ்வீட்லினின் அதட்டலில் இன்பமணி தரையில் ஊன்றிய காலைத் தூக்கிக்கொண்டாள். பாளையங்கோட்டை வெக்கையில் வேர்வை கண்ணில் வழிய, எக்சர்சைஸ் சைக்கிளை மறுபடியும் மிதித்தாள்.

“முழங்கால் கழண்டுரும் போலிருக்குட்டி.”

“டிரெட்மில்ல நடந்தாத்தான் முழங்காலுக்கு ஆகாது. இது உக்காந்து மிதிக்கதுதானே? மிதிங்க.”

காலையில் கிடைத்தது ஒரே ஒரு இட்லி. இரண்டு மாதமாக இப்படித்தான். எடை மெஷினைப் பார்த்தாலே இன்பமணிக்கு உள்ளங்கை வேர்த்துவிடும்.

ஸ்வீட்லின் உள்ளே போன நேரம் பார்த்து, பக்கத்து வீட்டு ஞானம்பாள் ஜன்னல் வழியே கிசுகிசுத்தாள். “மருமவ ஒங்களக் கொன்னுருவா போலிருக்கே. மவன்ட்ட சொல்லக் கூடாதா?”

“ஐயோ, ஜெபஸ்டின் காதுல மட்டும் போட்டுராதீய!” என்று பதறினாள் இன்பமணி.

மறுநாள் ஆஸ்பத்திரியில், டாக்டர் ஸ்கேன் படத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். இன்பமணி அவர் வாயையே பார்த்தாள். பக்கத்தில் நின்ற ஸ்வீட்லினின் முகம் வெளிறிக் கிடந்தது.

“பத்து கிலோ குறைச்சிருக்கீங்க. ஈரல்ல இருந்த கொழுப்பும் கரைஞ்சிடுச்சும்மா” என்று நிமிர்ந்தார் டாக்டர். “இனி உங்க ஈரல்ல பாதியை எடுத்து உங்க மகனுக்கு வைக்கலாம்.”

ஸ்வீட்லின் அத்தையின் தோளில் சாய்ந்து விம்மினாள். “உங்களப் பாடாப் படுத்திட்டேன் அத்தை. ஆபரேஷன்னா பயமா இருக்கா?”

“கத்திக்கு என்னட்டி பயம்? என் ஈரல் என் பிள்ளைக்கு ஆகாதுன்னு சொல்லிருவாவளோன்னுதான் ரெண்டு மாசமா செத்துக்கிட்டிருந்தேன்.”