ஒச்சாயி பேர் மட்டும் பெருசு

"ஏனுங்க சார், எல்லாப் பேரும் ஒரே அளவு. ஒச்சாயிங்கிற பேரு மட்டும் எதுக்குங்க இத்தனை பெருசு?"

பனியன் கம்பெனியின் வெப்சைட்டைப் புதுசாக்க வந்திருந்த அனுப்ரியா கேட்டாள். யாருக்கு எந்த யூனிட் என்று வாசல் டி.வி.யில் ஓடும் ஷிஃப்ட் பக்கம் அவள் முன் திறந்திருந்தது.

ஆபீஸ் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்ளும் தீனதயாளன் அவசரமாகக் குனிந்து திரையைப் பார்த்தார்.

"அது... பழைய கோளாறுங்க."

"கோளாறில்லீங்க. எழுத்தைப் பெருசாக்குற ஃபாண்ட் டேக் போட்டு, சைஸ் ஏழுன்னு எழுதியிருக்கீங்க. இதெல்லாம் வழக்கொழிஞ்சு எத்தனையோ வருசமாச்சு."

மேனேஜர் சரவணக்குமார் எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"பேக்கிங் ஒச்சாயியா? என்னங்க தீனா, இந்த வயசுலயா? அதை எடுத்து வீசும்மா கண்ணு. எல்லாம் ஒரே மாதிரி இருக்கோணும்."

தீனதயாளன் தலையாட்டிவைத்தார். வாயைத் திறந்தால் ஒச்சாயிக்குக் கண் மங்குவது தெரிந்துவிடும். 'கண்ணு சரியில்லாதவங்க இங்க ஆகாது' என்று போன மாதம் இரண்டு பேரை வீட்டுக்கு அனுப்பியவர் இந்த மேனேஜர்தான்.

மறுநாள் காலையில் தீனதயாளன் வாசலில் போய் நின்றார்.

நேற்றே ஒச்சாயியை எச்சரித்திருக்கலாமோ? சின்ன எழுத்து கண்ணுக்குத் தெரியாமல் பக்கத்தில் நிற்பவரிடம் கேட்டுவிட்டால்? நல்லது செய்கிறேன் என்று நானே காட்டிக் கொடுத்துவிட்டேனோ?

ஒச்சாயி வந்தாள். டி.வி.யை அண்ணாந்து பார்த்தாள்.

"இன்னைக்கு ரெண்டாவது யூனிட்டாண்ணே? வாரேன்," என்று போய்விட்டாள்.

தீனதயாளன் டி.வி.யைத் திரும்பிப் பார்த்தார். எல்லாப் பேரும் அதே பெரிய எழுத்தில் மெல்ல ஊர்ந்துகொண்டிருந்தன.

"ஒரே மாதிரி இருக்கோணும்னுதானுங்க சொன்னாரு? எந்த அளவுன்னு சொல்லலையே," என்றாள் பின்னால் நின்ற அனுப்ரியா. "எங்கம்மா போன்லயும் எழுத்து இத்தனை பெருசுதானுங்க."

அதற்குள் சரவணக்குமார் உள்ளே நுழைந்தார். டி.வி.யைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

'தொலைஞ்சோம்' என்று நினைத்தார் தீனதயாளன்.

மேனேஜர் அவர் தோளைப் பிடித்து ஓரமாக இழுத்துப்போனார். குரல் தாழ்ந்தது.

"இப்படியே இருக்கட்டுங்க தீனா. இத்தனை நாளா இதை வாட்ச்மேனைத்தான் படிக்கச் சொல்லிட்டிருந்தேன். ஆருகிட்டயும் சொல்லிப்போடாதீங்க!"